மல்லாந்து பார்த்த அறை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 'இன்றைய வீட்டு அலங்காரத்தில் சொகுசு என்றால் என்ன?' என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டது. எனக்கு அந்தத் துறையில் ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தவரிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு கட்டுரை கைநழுவிப் போய்விட்டது.

தொடக்கம் ஒன்று: 'சொகுசு என்பது பளிங்குத் தரையிலும் தங்கப்பூச்சுக் குழாயிலும்—'

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: வேலையாட்கள் அவரை 'இஞ்ச் அக்கா' என்பார்கள்.

சரி, இதுவே இருக்கட்டும்.

2

இஞ்ச் அக்கா வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்பவர். கல்யாணத்துக்குப் போனாலும் கைப்பையில் அளவு நாடா இருக்கும். பிழைப்பெல்லாம் பெரிய வீடுகளில்தான். சொகுசு, சொகுசு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்த சமயத்தில் ஒரு பல் டாக்டர் அவரைக் கூப்பிட்டார்.

டாக்டரின் மனைவி நீச்சல் பயிற்சியாளர். எல்லாருக்கும் அவர் 'கோச்'தான். படிக்கட்டில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து தோளுக்குக் கீழே உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. படுத்த படுக்கை.

"அவ ரூம் அரண்மனை மாதிரி இருக்கணும்," என்றார் டாக்டர். "கட்டிலுக்கு நேர் மேல பெரிய கண்ணாடிச் சரவிளக்கு. ஆர்டர் குடுத்துட்டேன். கப்பல்ல வருது."

(முதல் வரைவில் இவரைப் பகட்டுப் பேர்வழியாக்கி நன்றாகக் கிண்டல் செய்திருந்தேன். நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு ஓடிவந்து, மனைவிக்குப் படுக்கைப்புண் வராமல் தன் கையாலேயே புரட்டிப் படுக்கவைக்கிற மனிதர் என்று இஞ்ச் அக்கா பிறகுதான் சொன்னார். அத்தனையையும் அடித்துவிட்டேன்.)

3

சரவிளக்கின் அளவுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்து, கூரையிலிருந்து தொங்கவிட்டு, வாசலில் நின்று பார்த்தார் இஞ்ச் அக்கா. அம்சமாக இருந்தது.

"எப்படி இருக்கு கோச்?"

"உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்க்கா. நீங்க நிக்கிறீங்க."

இஞ்ச் அக்காவுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ படுக்கையறைகள் செய்திருக்கிறார். ஒன்றிலாவது படுத்துப் பார்த்ததுண்டா? கட்டில் ஓரத்தில் ஒடுங்கி, கோச்சின் பக்கத்தில் மல்லாந்தார்.

அட்டை முகத்துக்கு நேராகத் தொங்கியது. எப்போது அறுந்து விழுமோ என்று தலையை ஒதுக்கிக்கொண்டார்.

"பயமா இருக்குல்ல?" என்றார் கோச். "என்னால உருண்டுகூட ஒதுங்க முடியாது."

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்காகத் தேடித் தேடி வாங்கியிருக்கார். எப்படிக்கா சொல்றது?"

இஞ்ச் அக்கா எழுந்து அட்டையை அவிழ்த்து இறக்கினார். மறுபடி வந்து படுத்தபோதுதான் அது நடந்தது. வெளியே பால்கனியில், கொத்தனார் டைல்ஸ் ஊறவைத்திருந்த தொட்டியில் வெயில் இறங்கியது. அங்கிருந்து தாவி, வெறும் வெள்ளைக் கூரை முழுக்க வலைவலையாக நெளிந்து பரவியது.

[உருகிய வெள்ளி போல… தங்க மீன் கூட்டம் போல… எந்த உவமையும் ஒட்டவில்லை. வெளிச்சம் நீந்தியது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.]

மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று இஞ்ச் அக்காவுக்குத் தோன்றியதாம்.

"நீச்சல்குளத்துக் கூரை இப்படித்தான்க்கா இருக்கும்," என்றார் கோச், மெல்ல. "மிதக்கப் பயப்படற பசங்ககிட்ட சொல்வேன், கீழ என்ன இருக்குன்னு நினைக்காதீங்கடா, மேல பாருங்கன்னு."

கண்ணீர் வழிந்து அவர் காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. இஞ்ச் அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

4

கட்டுரைக்கு வேண்டிய வரி இங்கேதான் வர வேண்டும்: 'ஆகவே, சொகுசு என்பது—'

(முடிக்க வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் மன்னிக்கட்டும்.)

5

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். இஞ்ச் அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"சரவிளக்கு வேணாம் சார். கூரை வெறும் வெள்ளையா இருக்கட்டும். பால்கனியில ஒரு தண்ணித் தொட்டி கட்டிடறேன்."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "வெறுங்கூரையா? அதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?"

"படுத்துப் பாருங்க சார்."

அவர் அசையவில்லை. விபத்துக்குப் பிறகு அந்தக் கட்டிலில் அவர் படுத்ததே இல்லை. தூக்கத்தில் கை கால் பட்டுவிடும் என்று பக்கத்து அறை சோபாவில்தான் படுக்கை.

"அவளுக்கு வலிச்சா?"

"என்னங்க," என்றார் கோச். "ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

6

ஒரு முடிவு: சரவிளக்கு கிளினிக்குக்குப் போகிறது, வாய் திறந்து கிடக்கிறவர்களெல்லாம் அதைப் பார்த்து நடுங்குகிறார்கள். (சிரிப்பு வரும். வேண்டாம்.)

இன்னொன்று: டாக்டர் கோபித்துக்கொண்டு வேலையையே நிறுத்தி— (மனசு வரவில்லை.)

இஞ்ச் அக்கா பார்த்தது இவ்வளவுதான்: டாக்டர் குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் ஏறுகிறவர் மாதிரி ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றினார். இஞ்ச் அக்கா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டார். தொட்டி கட்டச் சொல்லி மறுநாள் போன் வந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் கோச் முதலில் என்ன சொன்னார்? கேட்டவர் ஒருவர்தான், அவர் சொல்லமாட்டார். அந்த இடத்தை நான் காலியாகவே விடுகிறேன். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் வெகுநாளாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று உங்களிடமும் இருக்குமே, அதை எழுதிக்கொள்ளுங்கள்.