சந்தனம் பொறுக்கிய இருபது நுரையீரல்கள்

1

இந்தக் கதை எனக்குப் பல்லடம் போகும் தனியார் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினாள். குழாயின் மேலிருந்த சிவப்பு முள் சறுக்கிக்கொண்டு போய் ஒரு எண்ணில் நின்றது. பாட்டுச் சத்தத்தைத் தாண்டிக் கண்டக்டரின் குரல் வந்தது.

“ஏனுங்க கண்ணு, பஸ்ல விசில் ஊதறது என்ர வேலையுங்க. அதையும் புடுங்கிக்கிட்டா நான் எங்கீங்க போவேன்?”

பஸ்ஸே சிரித்தது. “இது மூச்சை அளக்குற மீட்டருங்கண்ணா, காலேஜ் புராஜெக்ட்டு” என்று அவளும் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அனுசுயா என்ற பெயர்கூட நான் வைத்ததுதான்.

(வார இதழின் ஆசிரியர் ‘கல்லூரிச் சிறப்பிதழ், காதல் இருந்தால் நல்லது’ என்று சொல்லியிருந்தார். தவளை அறுக்கும் மேஜையில் இரண்டு கைகள் உரசிக்கொள்வதாக எழுதிப் பார்த்தேன். ஆனால் அனுசுயாவின் கல்லூரியில் தவளை இப்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. உரசினால் மவுஸ்தான் உரசும். காதலை விட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “ஒரு செல் என்பது ஒரு பனியன் கம்பெனி. உட்கருதான் முதலாளி, மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர், கோல்கை உறுப்பு பேக்கிங் செக்‌ஷன், அப்புறம்…”

அடித்துவிட்டேன். திருப்பூர்ப் பக்கம் உயிரியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் செமஸ்டரிலேயே இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறது. அனுசுயாவும் வாங்கினாள். மைட்டோகாண்ட்ரியாவை அவள் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். வகுப்புக்கு ஒரே மைக்ராஸ்கோப். அவள் முறை வரும்போது வெங்காயத் தோலே காய்ந்துபோயிருந்தது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தாள். அந்த சீனியர் தன் சீனியரைப் பார்த்து வரைந்தவர். மரபுப் பண்புகள் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் விதத்தை அந்தத் துறை இப்படித்தான் செயல்முறையில் கற்பித்தது.

இரண்டாவது தொடக்கம்: “அனுசுயாவின் விழிகளில் ஆராய்ச்சியின் தீப்பொறி…”

வேண்டாம். தீப்பொறியெல்லாம் இல்லை. மூன்றாம் ஆண்டில் மனித உடலியங்கியல் வந்தபோது அவளுக்குப் பாடம் பிடிக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். காரணம், பாடம் வீட்டிலேயே நடந்தது. மூச்சு மண்டலம் என்ற அத்தியாயத்தை அவள் வாய்விட்டுப் படிக்கும்போது, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவள் அம்மா இருமினாள்.

3

அந்த அம்மாவின் பெயர் சந்தனம். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டாள். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை டியூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எது இருந்தாலும் தனியே போட வேண்டும். நல்லது மட்டும் பெட்டிக்குப் போகும். சந்தனத்தின் கையைத் தாண்டி ஓட்டைப் பனியன் ஒன்று வெளிநாடு போனதாகச் சரித்திரம் இல்லை.

செக்கிங் மேஜைகளுக்குப் பின்னால் நிட்டிங் மெஷின்கள். பஞ்சு பறந்து வந்து தலையில் உட்காரும். யாருக்கு நரைத்திருக்கிறது, யாருக்குப் பஞ்சு படிந்திருக்கிறது என்பது சாயங்காலம் தலையைத் தட்டிவிடும்வரை தெரியாது. தலையில் உட்கார்ந்ததைத் தட்டிவிடலாம். உள்ளே போனதை…

(இந்த வாக்கியத்தை முடித்தால் கட்டுரை ஆகிவிடும்.)

புராஜெக்ட் தலைப்பைக் கொடுத்தவர் பேராசிரியர் சரவணக்குமார். “பனியன் தொழிலாளர்களின் நுரையீரல் திறன். இருபது பேரை ஊத வை. முடிவுரை நான் குடுத்துடறேன்.”

“ஊதறதுக்கு முன்னாடியே முடிவுரையா சார்?”

“மூணு பேட்ச்சா அதே முடிவுரைதாம்மா. ‘திறன் குறைந்துள்ளது.’ நல்ல இங்கிலீஷ்ல இருக்கு. கெடுத்துடாத.”

4

அனுமதி கேட்டது சந்தனம். முதலாளி சென்னியப்பன் உடனே சரி என்றார். ஆனால் பையும் கருவியுமாக யார் உள்ளே வந்தாலும் அது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட் என்றுதான் அவர் உடம்பு நினைத்துக்கொள்ளும். அனுசுயா போன அன்று தரை கூட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு வாளிகளில் புது மணல். பீரோவிலிருந்து மாஸ்க்குகள் இறங்கி, பிளாஸ்டிக் உறை பிரித்த மடிப்புக் கலையாமல் எல்லோர் முகத்திலும் உட்கார்ந்திருந்தன.

“வாங்க அம்மிணி. ஏனுங்க, மாஸ்க்கக் கழட்டாமயே ஊதறாப்பல இருக்குங்களா? பாக்கறதுக்கு நல்லா இருக்குமுங்க.”

“அப்படி ஊதுனா முள்ளு நகராதுங்க.”

“முள்ளு நகரோணுமுங்களா, நகரக் கூடாதுங்களா? அதைய மொதல்ல சொல்லிப்போடுங்க.”

“நகரணுங்க.”

“அப்ப நகரும். சந்தனம், நீயே பாத்து ஆளுகள அனுப்பி வுடு.”

5

முதலில் வந்தவர் சகாயராஜ், கம்பெனியின் டெம்போ டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். ஒரே ஊது, முள் 720-ல் போய் நின்றது. “இன்னொருக்க குடு தங்கச்சி, எண்ணூறுல முட்டுதா பாப்போம்.”

(சகாயராஜ் கொஞ்சம் மிகைதான். நீக்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஆனால் சந்தனத்தின் இடத்தில் நான் இருந்தாலும் அவரைத்தான் முதலில் அனுப்பியிருப்பேன்.)

அடுத்து கபடி விளையாடிய கேட் செக்யூரிட்டி. அடுத்து ஏசி அறையில் உட்காரும் ஆபீஸ் பெண்கள் நால்வர். அடுத்து ஊரிலிருந்து போன வாரம்தான் ரயிலேறி வந்த ஒடிசா இளைஞர்கள். “தீதி, அவுர் ஏக் பார்?” என்று அவர்களும் மறுபடி ஊதக் கேட்டார்கள். இருபது பேரும் முடிந்தார்கள். இருபது பேரும் பாடப் புத்தகத்தின் சராசரியை ஜெயித்திருந்தார்கள். நிட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் மூச்சு செழிக்கும் என்று அனுசுயா உலகத்துக்கு அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை சரவணக்குமார் எண்களைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா இது, ஒலிம்பிக் டீமா?”

“அளந்தது இதுதான் சார்.”

“முடிவுரையோட ஒத்து வரலையே. முடிவுரையை மாத்த முடியாது. நுரையீரலை மாத்து. செவ்வாய்க்கிழமை வைவா.”

6

ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தனம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். (வெளியே பல்லடம் பக்கத்து பிராய்லர் லாரி ஒன்று நாற்றத்தோடு கடந்து போனது என்று எழுதியிருந்தேன். சூழல் வருணனைக்கு இது நேரமில்லை.)

“எம்மா, நீ அனுப்புன இருபது பேர்ல ஒருத்தர்கூட இருமலயே?”

“இருமுதவள எதுக்குட்டி அனுப்புவேன்?” சந்தனத்தின் குரலில் பெருமை. “எம் பிள்ளைக்கு மார்க் கொறயவா?”

“அப்ப இருமுதவங்க?”

“செக்கிங்ல உள்ள அம்புட்டுப் பேரும்தான். அவளுவள ஒதுக்கிட்டுத்தான் மத்தவுகள எடுத்தேன். ஒத்த ஆளு தப்பு வந்துச்சா பாரு.”

வரவில்லை. வாழ்நாளில் அவள் செய்த மிகச் சுத்தமான செக்கிங் அது.

“நீ ஏம்மா ஊதல?”

சந்தனம் ஒரு பாவாடையை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். “என்னையும் சேத்துத்தான் ஒதுக்குனேன்.”

இந்த இடத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு தாயின் தியாகத்தை எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அனுசுயா அழவில்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

“ஊது.”

“புராஜெக்ட்டுல போடவா?”

“இல்ல. எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு?”

“கொறச்சலா இருந்தா நாளைக்கு உன்னைய வேலைக்கு விட மாட்டேன்.”

“அதாம்ட்டி ஊதல. நீ எம்மெஸ்ஸி படிக்கணும்லா? மீட்டரா பணம் கட்டும்?”

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது ஓயும்வரை அனுசுயா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: “விரிச்சுப் பாக்காம ஒரு பனியனயாவது நீ பெட்டில போட்டுருக்கியாம்மா?”

சந்தனத்துக்கு ரோஷம் வந்தது. “குடுட்டி இங்க.”

மூன்று தடவை ஊத வேண்டும் என்றாள் மகள். மூன்றில் எது அதிகமோ அதைத்தான் குறித்துக்கொள்வது விதி.

“அப்ப நீங்களும் நல்லதப் பொறுக்கித்தான எடுக்கிய? என்னைய மட்டும் ஏசுத.”

ஊதினாள். மறுபடி ஊதினாள். மூன்றாவது பாதியில் இருமலாக உடைந்தது. மகள் குனிவதற்குள் சந்தனத்தின் கட்டைவிரல் முள்ளை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மீட்டரை நீட்டினாள்.

“நீ பாத்துக்கோ. எனக்குச் சொல்லாத.”

அனுசுயா பார்த்தாள். முள்ளைத் தள்ளிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

7

முடிவு (அ): எண் 410. அம்மாவுக்கு வெறும் சளி. கஷாயம், சுபம். ஆசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு (ஆ): எண் 170. சென்னியப்பன் மனம் உருகி, சந்தனத்தை ஏசி அறைக்கு மாற்றுகிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் உருகுவார், அதில் சந்தேகமில்லை. “அடடா, ஒடம்பப் பாத்துக்கோணும் சாமி, நீ ஊட்லயே இரு” என்று மரியாதையாக அனுப்பிவைப்பார்.

முடிவு (இ): அதே 170, புராஜெக்ட்டில் ஏறுகிறது. சரவணக்குமாரின் முடிவுரையோடு அச்சாகப் பொருந்துகிறது. மகளுக்கு முழு மதிப்பெண், கைதட்டல். இதுதான் இருப்பதிலேயே நம்பத்தகுந்தது. அதனாலேயே எழுத மனமில்லை.

உண்மையான எண் எனக்குத் தெரியும். நான்தானே முள்ளை நகர்த்தியவன். ஆனால் இங்கே அச்சேற்ற முடியாது. செக்கிங் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த இதழை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றி மாற்றிப் படிப்பவர்கள். எண்ணைப் போட்டால் சந்தனத்தின் கண்ணில் பட்டுவிடும். சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே திங்கள்கிழமை காலை மட்டும். சந்தனம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடுகிறாள். செருப்பு வாசலில் இருக்கிறது. வாசலில் அனுசுயா நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் எண் தெரிந்துவிடும் என்பதால் சந்தனம் நிமிரவே இல்லை.

“தள்ளுட்டி. நேரமாச்சு.”

இதுவரை அனுசுயாவை நான் நிறுத்தி வைத்திருந்தேன். இனி அந்த வாசலில் நீங்கள் நில்லுங்கள். தள்ளி வழிவிடுவதோ மறிப்பதோ உங்கள் பாடு. ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள். கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.