ஜட்ஜம்மா பார்க்காத நாடகம்

மூன்று இசை நாடகம் பார்க்க நகரத்துக்குப் போன ஜட்ஜம்மா பார்த்தது இரண்டுதான். எழுதியது என்னவோ மூன்றைப் பற்றியும். வினை அதில்தான் வந்தது.

அவள் ஜட்ஜும் இல்லை, ஜட்ஜின் மனைவியும் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களின் மூக்குக்கு நேரே சின்ன அளவுகோலைப் பிடித்து, ஒரு கருவிழிக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்து, சீட்டைப் பின்னறைக்கு அனுப்புவாள். மிச்ச நேரமெல்லாம் நாடகப் பேச்சு. பாட்டும் ஆட்டமுமாக மேடையில் எது நடந்தாலும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். போனில் நாடகப் பிரியர்களுக்கென்று ஒரு குழுவை அவளே தொடங்கி நடத்தினாள். அறுபது பேர். அதில் பாதிப் பேர் கையைப் பிடித்து இழுத்துவந்து சேர்க்கப்பட்டவர்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் ஒருத்தரும் தப்பவில்லை. ஜட்ஜம்மா என்று பெயர் வைத்ததும் அந்தக் குழுதான். அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயணத்தை ஒரு மாதம் முன்பே தண்டோரா போட்டுவிட்டாள். வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி மதியம் ஒன்று.

"மூணு நாள்ல மூணு நாடகம். கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்றார் வீட்டுக்காரர்.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

முதல் நாடகம், பெரிய ஹோட்டல் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவனின் கதை. சுழலும் மேடை, ஏறி இறங்கும் கூண்டு, முப்பது பேர் ஆட்டம். "மேடை பிரமாதமாக நடித்தது. மனிதர்கள்தான் மரமாக நின்றார்கள். கூண்டு மேலே போனபோது கைதட்டினோம். காதலி வெளியே போனபோது ஒருத்தரும் கைக்குட்டையைத் தேடவில்லை" என்று அன்றைக்கே குழுவில் எழுதினாள். இரண்டாவது, தையற்கடை வைத்திருக்கும் அக்கா தங்கையின் கதை. "மேளக்காரர்கள் பாட்டைக் கேட்கவே விடவில்லை. ஆனால் தங்கையாக வந்தவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நாலு வரி பாடினார். அப்போது மேளமும் வாயை மூடிக்கொண்டது. கொடுத்த காசு அந்த நாலு வரிக்குச் சரியாகப் போயிற்று." இரண்டும் நியாயமான தீர்ப்புகள்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்வதில் அவள் கெட்டிக்காரி.

சனிக்கிழமை காலை கடைத்தெருவைச் சுற்றினாள். புதுச்செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்துக் கொப்புளமாக்கிவிட்டது. அறைக்கு வந்து, ஐந்து நிமிடம் காலை நீட்டலாம் என்று படுத்தாள். எழுந்தபோது மணி நாலே கால். நாடகம் தொடங்கியது இரண்டரைக்கு. நொண்டிக்கொண்டே ஓடினாலும் முடிவுக் கைதட்டலுக்குத்தான் போய்ச் சேரலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். "ஜட்ஜம்மா, மூணாவது எப்படி?" என்று அதற்குள் ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

தூங்கிப்போனேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் ஒரு மாதம் வாய் கிழியப் பேசியவளுக்கு அந்த ஒரு வரி விரலில் வரவில்லை. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிற பெண்ணின் கதை அது. பாட்டெல்லாம் ஒலிப்பதிவில் கேட்டுக்கேட்டு அவளுக்கு மனப்பாடம். படகு அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போகிற இடத்தில் வரும் மூன்றாவது பாட்டு ரொம்பக் கடினம் என்பதும் தெரியும். புகழ்ந்து எழுதினால் யாராவது துருவிக் கேட்பார்கள். குறை சொன்னால் ஆமாம் ஆமாம் என்று போய்விடுவார்கள் என்பது அவளுடைய அனுபவம். ஆகவே எழுதினாள்: "படகும் தண்ணீரும் அழகு. நாயகியின் குரல்தான் மூன்றாவது பாட்டில் படுத்துவிட்டது. அந்த இடத்துக்கு வேண்டிய மூச்சு அவரிடம் இல்லை. பாவம்." அந்தப் 'பாவம்' கடைசியில் சேர்த்தது. எழுதி முடித்ததும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனாள்.

திங்கட்கிழமை கடையில், பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் தேநீருக்கு வெளியே வரவில்லை. லென்ஸ் அண்ணன் என்று எல்லாரும் கூப்பிடுகிற அவர், பத்து வார்த்தையில் முடிவதை இரண்டு வார்த்தையில் முடிக்கிறவர். மதியம் அவள் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை நீங்க பாத்த நாடகம். அந்த மூணாவது பாட்டு அவ்வளவு மோசமா?"

"ஏண்ணே, உங்களுக்கெப்போ நாடகத்துல ஆசை வந்துச்சு?"

"அன்னைக்குப் பாடினது என் பொண்ணு மேடம்."

ஜட்ஜம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் நகரத்தில் ஏதோ நாடகக் கம்பெனியில் இருப்பதாக அவர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. எந்தக் கம்பெனி என்று இவள் கேட்கவில்லை. அப்போது இவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா கோரஸ்லதான் நிக்கிறா. பெரிய பாடகிக்கு வரமுடியலைன்னா இவ பாடணும்னு ஏற்பாடு. ஒருநாளும் அந்த அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல. சனிக்கிழமை காலையில காய்ச்சல்னு சொல்லிட்டாங்களாம். வாசல் போர்டுலகூட இவ பேரைத்தான் எழுதிப் போட்டிருந்தாங்க, நீங்க பாத்திருப்பீங்க. மதியம் எனக்கு போன் பண்ணினா. நான் கிளம்பினா போய்ச்சேர ராத்திரி ஆயிடும். நீங்க அங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா நல்லா எழுதித்தான் ஆகணும்னு உங்களுக்குச் சங்கடம். உள்ளது உள்ளபடி வரட்டும்னு விட்டுட்டேன். நீங்க எழுதினது வந்ததும், படிக்கக்கூட இல்ல, அவளுக்கு அப்படியே அனுப்பிட்டேன். அவசரம்." கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். "அப்புறந்தான் படிச்சேன்."

உண்மையைச் சொல்ல அது சரியான நேரம். அவள் சொன்னது வேறு.

"எல்லாருக்கும் ஒருநாள் அப்படி அமையும்ணே. முதல் தடவைன்னா தொண்டை ஒத்துழைக்காது. போகப்போகச் சரியாயிடும்."

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரோ அதையும் ஒரு பெரிய மனுஷியின் ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

"நானும் அதத்தான் சொன்னேன். கேக்க மாட்டேங்குறா. நல்லாப் பாடினதா நினைச்சுக்கிட்டிருந்தேன்ப்பா, எனக்கே தெரியாமப் போச்சேங்குறா. அந்த அம்மாவுக்கு இன்னும் உடம்பு சரியாகல. வியாழக்கிழமையும் நீதான்னு சொல்லியிருக்காங்க. வேற யாரையாவது போட்டுக்கங்கன்னு இன்னைக்குச் சாயங்காலம் சொல்லப் போறாளாம்."

அவர் எழுந்து உள்ளே போனார். சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த முதல் வாடிக்கையாளரின் கண்ணளவை இரண்டு தடவை எடுத்தாள். இரண்டும் ஒன்றாக வரவில்லை. "என்னம்மா, உங்களுக்கு முடியலையா?" என்று அந்த மனிதர் கேட்டார். முடியவில்லைதான். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை எத்தனை முறை கேலி செய்திருக்கிறாள். சொன்னால் இந்தக் கடையில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவது, குழுவில் எந்த முகத்தோடு எழுதுவது என்று மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போடுகிறதே என்று இன்னும் கூசியது. மூன்றரை மணிக்கு எழுந்து பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

"அண்ணே, அந்த மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார். லென்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் அந்த நாடகத்துக்கே போகல. அறையில படுத்துத் தூங்கிட்டேன். எழுதினது அத்தனையும் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இப்பக்கூடச் சொன்னீங்களே மேடம், எல்லாருக்கும் ஒருநாள் அப்படி அமையும்னு."

"அதுவும் பொய்தான்."

அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவளிடம் நீட்டினார்.

"என்கிட்டச் சொன்னத அவகிட்டச் சொல்லுங்க."

சொன்னாள். யார் பேசுவது என்பதில் தொடங்கி, செருப்பு, கொப்புளம், நாலே கால் மணி வரை சொன்னாள். காரணம் காட்டுவது போலிருக்கவே கொப்புளத்தைப் பாதியில் விட்டாள். மன்னித்துவிடும்மா என்றாள்.

"அப்போ நீங்க வரவே இல்லையா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

"அப்பாகூட வேலை பாக்குறவங்க ஒருத்தங்க சபையில இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேதான் பாடினேன். மேடையிலேருந்து பாத்தா இருட்டுத்தான் தெரியும். எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு தெரியாததால ரெண்டு பக்கமும் பாத்துப் பாடினேன்."

ஜட்ஜம்மா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"பரவாயில்ல. வியாழக்கிழமை நான் பாடுறேன். அப்பாவ மட்டும் வரச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, மரியாதை குறையாமல் அந்தப் பெண் சொன்னாள்: "நீங்க வர வேண்டாம் ஆன்ட்டி."

"சரிம்மா."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது லென்ஸ் அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"வியாழக்கிழமை பாடுறாளாம். உங்கள வரச் சொன்னா."

அவர் முகம் மலர்ந்தது. திரும்பி மிஷினின் பொத்தானில் கை வைத்தவர், "வேற ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

வேற ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடலாம். அவர் நம்பிவிடுவார். எதைச் சொன்னாலும் நம்புகிறவர்.

"என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டாண்ணே" என்றாள்.