கரை மாறிய ஊர்

மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள், ஆறுதான் எல்லை என்று செய்தி வந்தது. மேற்குக் கரை பழைய மாவட்டத்தில் இருக்கும், கிழக்குக் கரை புதியதில் சேரும். மற்ற ஊர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இந்த ஓர் ஊருக்குத்தான் தான் எந்தக் கரை என்றே தெரியவில்லை.

செங்கல் சூளைக்கு மண் வெட்ட வந்தவர்கள் ஒரு காலத்தில் மேற்குக் கரையில் போட்ட குடிசைகள்தான் ஊராக வளர்ந்தன. பிறகு ஒரு பெருவெள்ளத்தில் ஆறு தடம் மாறி, ஊருக்கு மேற்கே புகுந்து ஓட ஆரம்பித்தது. வீடுகள் நின்ற இடத்திலேயே நிற்க, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, இடுகாடு எல்லாம் அக்கரைக்குப் போய்விட்டன. கிழக்குப் பக்கம் பழைய ஆற்றுப்படுகை, முழங்கால் சேறு. அதைத் தாண்டினால் தார்ச்சாலையும் பெரிய ஆஸ்பத்திரியும் உண்டு. சேற்றின் மேல் ரோடு போடச் சொல்லிக் கேட்டால், நீங்கள் எங்கள் எல்லைக்குள்ளேயே இல்லை என்று கிழக்குக் கரை யூனியன் ஆபீசில் கை விரிப்பார்கள். அந்த நிலம் எங்களுடையது இல்லை என்று மேற்குக் கரை ஆபீசில் சொல்வார்கள்.

ஆற்றைக் கடக்க இருந்தது ஒரே படகு. புருஷன் காய்ச்சலில் போன பிறகு அதை ஓட்டியவளை ஊரே துடுப்பக்கா என்று கூப்பிட்டது.

ஊரின் விருப்பத்தைக் கேட்க வந்த அதிகாரியும் அவள் படகில்தான் வந்தார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. சூளைக் கொட்டகையில் கூட்டம் கூடியது. முதலில் பேசியவர் துடுப்பக்காவின் கொழுந்தன். நம் வேர் மேற்கில் இருக்கிறது, நம்மைப் பெற்றவர்கள் அங்கே மண்ணுக்குள் கிடக்கிறார்கள், அவர்களை வேறு ஜில்லாவில் விட்டுவிட்டு வருவதா என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள்.

துடுப்பக்கா எழுந்தாள். "எங்களைக் கிழக்குல சேத்துடுங்க. ரோடு வரும்."

கொட்டகையே திரும்பிப் பார்த்தது.

"ரோடு வந்தா உங்க படகுல யாரு அண்ணி ஏறுவா?" என்றார் கொழுந்தன். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களே."

"போன மழையில உன் மருமகளை ஏத்திட்டுப் போனேன். நட்டாத்துல புள்ள பொறந்துச்சு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு எல்லாரும் என் கையைப் புடிச்சுக்கிட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "என் பொண்ணுக்கு அப்படி முடியல. அவளும் இதே படகுலதான் போனா. அன்னைக்கும் நான்தான் துடுப்பு வலிச்சேன்."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

"செத்தவங்க எந்த ஜில்லாவுல இருந்தா என்னப்பா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி கை தூக்கச் சொன்னபோது கிழக்குக்கே அதிகக் கைகள் எழுந்தன. கொழுந்தன் கடைசியாகத் தூக்கினார். கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மறுநாள் அவர்களும் அதே படகில்தானே ஏற வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள்.

ரோடு வருவதற்கு மேலும் இரண்டு மழைக்காலம் ஆனது. அதன் பிறகு படகுக்கு ஆள் குறைந்துகொண்டே போய், கடைசியில் நின்றே போனது. துடுப்பக்கா சூளையில் கல் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தெரியாத வேலை, கை கொப்புளித்தது. சில நாள், அவசரப்பட்டுவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கொழுந்தனின் மருமகள் இரண்டாவது பிரசவத்துக்கு வேனில் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தபோது, துடுப்பக்கா எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சூளைக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், படகை எடுத்துக்கொண்டு தனியாக அக்கரைக்குப் போனாள். இடுகாட்டில் மகளைப் புதைத்த இடத்தில் புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. எப்போது வந்தாலும் கரையில் யாராவது காத்திருப்பார்கள், சீக்கிரம் வா என்று குரல் கொடுப்பார்கள். அன்று யாரும் கூப்பிடவில்லை. வெயில் தாழும் வரை மகளோடு இருந்துவிட்டு எழுந்தாள்.