எட்டில் ஏறிய பவுனம்மாள்

1953-ஆம் வருஷம் தை மாதத்திலிருந்து, ராயபுரத்தில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கு எட்டுப் போட்ட ஒவ்வொருவன் பின்னாலும், செத்துப்போன மீன்காரி பவுனம்மாள் ஏறி உட்கார்ந்தாள். ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. பின் டயர் அமுங்கியது, ஒரு கை இடுப்பைப் பிடித்தது, கூடையிலிருந்து ஒழுகிய மீன்தண்ணீர் சட்டை முதுகை நனைத்தது. பரீட்சை வைத்த இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை டயரைக் குனிந்து பார்த்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முந்தின ஐப்பசியில், வண்டி சரியாகப் பழகாத ஒருவன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அவளை மோதிச் சாய்த்திருந்தான். "ஒரு எட்டு வண்ணாரப்பேட்டை போய்ட்டு வந்துடறேன்" என்று புருஷன் தாமோதரனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். சொன்ன எட்டு பாக்கி இருந்தது, மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட எட்டைக் கண்டதும் ஏறிக்கொண்டாள், இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்பது ராயபுரத்தார் கட்சி. ஏறியவள் சும்மாவும் வரவில்லை. "கண்ணு இன்னா முதுகுலயா கீது? மெதுவா திருப்பு, கஸ்மாலம்!" என்று காதோரம் கத்தினாள். பயந்து காலை ஊன்றியவன் தோற்றான். பொறுத்துக்கொண்டு ஓட்டியவன் தேறினான். தேறியவன் வண்டியில் அவள் மறுபடி ஏறவில்லை. ஆனால் கூடைக்காரி யாரைக் கண்டாலும் அவன் வேகம் தானாகக் குறைந்தது. அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் அடிபடுவது அடியோடு நின்றுபோயிற்று. மாப்பிள்ளை எந்த மைதானத்தில் எட்டுப் போட்டான் என்று பெண்ணைப் பெற்றவர்கள் விசாரித்தார்கள்.

தாமோதரன் கட்டுமரக்காரன். சைக்கிளில்கூட ஏறியதில்லை. சேதி காதில் விழுந்ததும் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த இக்னேஷியஸிடம் ஓடினான். அவனிடம் யுத்தம் முடிந்து ஏலத்தில் எடுத்த பட்டாளத்து மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதில் விழுந்து எழுந்து பழகி, தாமோதரன் பரீட்சைக்குப் போனான்.

"நீ இன்னாத்துக்குய்யா வந்தே?" என்றாள் பின்னாலிருந்து.

குரலைக் கேட்டதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கால் தரையில் பட்டது. தோற்றான். தோற்றால் மறுபடி வரலாம் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் அவன் தோற்பதற்கென்றே வந்தான். வலை கிழிந்தது, கூரை ஒழுகுவது, வஞ்சிரம் விற்ற விலை, எல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் வண்டியை நத்தையாய் நகர்த்தி, கடைசி வளைவில் காலை ஊன்றுவான். மதராஸில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சுத்தமாக எட்டுப் போட வேறு ஆள் கிடையாது.

வெள்ளத்துரைக்கு அலுத்துவிட்டது. "தாமோதரன், இதுதான் கடைசி. இதுலயும் தவறினா இனி இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார்.

தேறினாலும் அவள் இல்லை, தோற்றாலும் இல்லை. தாமோதரன் காலையும் ஊன்றவில்லை, எட்டை விட்டு வெளியேயும் வரவில்லை. எட்டுக்கு ஏது முடிவு? சுற்றிக்கொண்டே இருந்தான். பெட்ரோல் தீரவில்லை. வெள்ளத்துரை பக்கத்தில் இன்னொரு எட்டு வரைந்து மற்றவர்களுக்குப் பரீட்சை வைத்தார். அவர்கள் பின்னால் யாரும் உட்காரவில்லை, யாரும் திட்டவில்லை. எல்லோரும் சுலபமாகத் தேறினார்கள். அப்படித் தேறிய ஒருவன் அந்த வாரமே ஒரு கூடைக்காரியை மோதி அவள் காலை உடைத்தான். சேதி மைதானத்துக்கு வந்தபோது தாமோதரனின் இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"யோவ், என்னை இறக்கி வுடு. நீ பாத்துப் போவே. அவனுங்களுக்கு யாரு கீறாங்க?"

"எனக்கு யாரு கீறாங்க?" என்றான்.

அவன் இன்னும் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, கால் படாமல் வெளியே வந்தான். டயர் மேலெழும்பியது. வெள்ளத்துரை தேறிவிட்டதாகச் சொன்னார். பரீட்சையில் தேறி அப்படி ஓவென்று அழுத ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அதற்கப்புறம் தாமோதரன் கடலுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மைதானத்து வேலியோரம் நின்றான். மாத்தூர்க்காரன் ஒருவன் எட்டில் தோற்று, நனைந்த முதுகைத் துடைத்தபடி வந்து, "இங்க தாமோதரன்னு யாருய்யா?" என்று கேட்டான்.

"நான்தான்."

"பின்னால குந்தியிருந்த அம்மா சொல்லச் சொன்னாங்க. நேத்துலர்ந்து பட்டினியா கீறியாமே. போய்த் துன்னுவியாம்."

தாமோதரன் வீட்டுக்குப் போய் உலை வைத்துச் சாப்பிட்டான். மறுநாள் வரிசையில் முதலாவதாக நின்றவனிடம், சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிடச் சொன்னான்.