தனிச் சட்டி

கப்பலில் முதல் நாள் மாலை, அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததுமே பரிமாறுகிறவர் ஒவ்வொருவர் மடியிலும் துணி விரித்தார். வெள்ளைக் கோட்டு, படிய வாரிய தலை, முகம் முழுக்கப் பல். தமிழ் பேசினார். அதிலேயே மாமனார் விழுந்துவிட்டார்.

"இறங்குற வரைக்கும் தினமும் இதே மேசை, இதே நேரம், இதே நான்," என்றார் அவர். "எதையும் எனக்கு ரெண்டாவது தடவை சொல்ல வேண்டாம். ஐயாவுக்குச் சர்க்கரை கிடையாது. அம்மாவுக்கு சூப் கொதிக்கக் கொதிக்க. பாப்பா தட்டுல எதுவும் எதுமேலயும் படக்கூடாது, தனித்தனியா வைக்கணும். சரிதானே?"

சரிதான். மாமனார் மலைத்துப்போனார். "யோவ், நீ மனுஷனா கம்ப்யூட்டரா?" அன்றிலிருந்து அவர் பெயர் கம்ப்யூட்டர். "அது இருக்கட்டும், இத்தனை முள்கரண்டி எதுக்கு? சாப்பிடச் சொல்றியா, ஆபரேஷன் பண்ணச் சொல்றியா?"

"வெளிப்பக்கத்துலேருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே உள்ள வாங்க ஐயா. ஐஸ்கிரீம்ல போய் நிப்பீங்க."

பிறகு கம்ப்யூட்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு மருமகன் பக்கம் வந்தார். அவனுக்கு அடுத்த நாற்காலியில் அவன் மனைவியின் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், உங்க விஷயம்தான் பெரிய உத்தரவு. இறால், நண்டு வாடையே உங்க பக்கம் வராது. உங்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி எண்ணெய். சமையல்காரர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். பட்டா உயிருக்கே ஆபத்துன்னு எழுதியிருந்தீங்களே."

தங்கைக்கு இறால் என்றால் உயிர். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் மாமியாரின் கை அவள் முழங்காலை அழுத்தியது.

"ஆமாம்பா," என்றார் மாமியார். "அவளுக்கு ஒத்துக்காது."

ஒத்துக்கொள்ளாதது அக்காவுக்கு. அக்கா இப்போது இல்லை.

இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்ததே அவள்தான். குடும்பமாகக் கப்பலில் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று பதிவு செய்தாள். யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று கப்பல் கம்பெனி கேட்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து பொறுமையாக எழுதினாள். பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் மேசைமேல் தலை சாய்த்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, பக்கத்து இருக்கைக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

கம்பெனிக்கு போன் போட்டு விசாரித்தவர் மாமியார். "பேரை மட்டும் மாத்தினாப் போதுமாம் மாப்பிள்ளை," என்றார். அக்கா பெயர் இருந்த இடத்தில் தங்கை பெயர் ஏறியது. மற்றதெல்லாம் அவள் எழுதி வைத்தபடியே தங்கிவிட்டது.

பெயர் மாற்றத்தில் வேறு கணக்கும் இருந்தது. மனைவி போனதிலிருந்து குழந்தை மாமியார் வீட்டில்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை அப்பா. காலையில் எழுந்து பல் தேய்ப்பதையே மலையைப் புரட்டுகிற வேலையாக நினைக்கிறவனை நம்பி யார் ஐந்து வயதுப் பிள்ளையைக் கொடுப்பார்கள்? கப்பல் ஏறுகிற அன்று மாமியார் நேராகவே சொல்லிவிட்டார்.

"இறங்குறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளை. சின்னவளைக் கட்டிக்கிறீங்கன்னா குழந்தையும் அவளும் உங்க வீட்டுக்கே வந்துடுவாங்க. இல்லேன்னா குழந்தை எங்ககிட்டயே வளரட்டும். மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

கப்பல்காரர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது. அவர்கள் கணக்கில் அவனும் தங்கையும் கணவன் மனைவி. படுக்கை வேறு மாதிரி. மாமியார், தங்கை, குழந்தை மூவரும் ஓர் அறை. அவனும் மாமனாரும் ஓர் அறை. அறையைச் சுத்தம் செய்கிறவர் தினமும் இரண்டு துண்டுகளை அன்னப் பறவைகளாக மடித்து, மூக்கோடு மூக்கு ஒட்டவைத்துக் கட்டிலின் நடுவில் நிறுத்திவிட்டுப் போவார். மாமனாரும் மருமகனும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு மாமனார் ஒரு அன்னத்தைக் கழுத்தைப் பிடித்து உதறி முகம் துடைத்துக்கொள்வார்.

இரண்டாம் நாள் மாலை குழந்தை கம்ப்யூட்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தது. "இறால் பட்டா என்ன ஆகும்?"

"மூச்சு நின்னுடும் பாப்பா. அதுக்குத்தானே நான் இவ்வளவு கவனமா இருக்கேன்."

குழந்தை கையை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அது ஒன்றும் கேட்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

மற்றவர்களின் தட்டுகள் ஒரே தாம்பாளத்தில் வரும். தங்கையின் தட்டு மட்டும் வெள்ளி மூடி போட்டுத் தனியாக வரும். கம்ப்யூட்டர் அதை இரண்டு கையாலும் ஏந்தி, வழியில் யார் மேலும் இடிக்காமல், கோயில் பிரசாதம் மாதிரி கொண்டுவருவார். மூடியைத் திறந்ததும் ஆவி எழும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். நாள் முழுக்க அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறோம் என்பது அவனுக்கே மெல்லத்தான் புரிந்தது. அவன் மனைவிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று இன்னும் யாரோ ஓர் அடுப்படியில் பதறிக்கொண்டிருந்தார்கள்.

தங்கைக்கு இது விளங்கிவிட்டது. ஒரு நாள் பிற்பகல் மேல்தளத்தில், ஈரம் உலராத சாய்வு நாற்காலிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அம்மாகிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா நாளைக்கு அந்த வீட்ல நான் இருக்கணுமா வேண்டாமா?"

"சொல்றேன்."

"இதையேதான் கப்பல் ஏறும்போதும் சொன்னீங்க. அந்தாளு மேடம் மேடம்னு உருகுறான். அம்மா பூரிச்சுப்போய் உக்காந்திருக்கா. நீங்க வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்கீங்க."

"சொன்னா குழந்தை..."

"குழந்தையைச் சாக்கு சொல்லாதீங்க. நீங்க பாக்குறது அந்தத் தட்டை. பக்கத்துல நான் ஒருத்தி உக்காந்து சப்புன்னு எதையோ மென்னுக்கிட்டிருக்கேன், அது உங்களுக்குத் தெரியவே இல்லை."

அவன் கடலைப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கடைசி மாலை விருந்து. எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். மாமனார் இரவல் டையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். மாமியார் தங்கைக்குத் தானே தலைவாரி, தன் சங்கிலியைப் போட்டு அழைத்து வந்திருந்தார். விளக்குகளைக் குறைத்தார்கள். வெண்ணெயில் வாட்டிய பெரிய இறால்கள் வந்தன, ஆளுக்கு நாலைந்து. தங்கைக்கு மூடி போட்ட தட்டு. திறந்தால் வேகவைத்த கோழியும் கேரட்டும்.

"மேடத்துக்குன்னே தனியா பண்ணச் சொன்னேன்," என்றார் கம்ப்யூட்டர். "சார் குடுத்து வெச்சவர்."

"அதைச் சொல்லு," என்றார் மாமியார்.

தங்கை கை நீட்டி, அவன் தட்டிலிருந்து ஓர் இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மேடம்!" கம்ப்யூட்டரின் கையிலிருந்த ரொட்டிக் கூடை கவிழ்ந்தது. "துப்புங்க மேடம்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!"

அதைவிடப் பெரிய சத்தம் குழந்தையிடமிருந்து வந்தது. நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து தங்கையின் முகவாயைப் பிடித்து உலுக்கியது. "துப்பு சித்தி! செத்துப்போயிடுவ! துப்பு!"

சுற்றியிருந்த மேசைகளில் எல்லோரும் திரும்பினார்கள். தங்கை மென்று விழுங்கினாள்.

"ஒண்ணும் ஆகாதுடா குட்டி. எனக்கு இறால் ரொம்பப் பிடிக்கும். இங்க பாரு, நல்லாத்தானே இருக்கேன்."

குழந்தை நம்பவில்லை. மடியில் ஏறி, தன் உள்ளங்கையைத் தங்கையின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தது. வைத்தபடியே இருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. பிறகு அவன் பக்கம் திரும்பியது.

"அப்போ அம்மா மட்டும் ஏன் செத்துப்போனா? இறால் சாப்பிட்டுத்தானே?"

கம்ப்யூட்டர் தங்கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். முகத்திலிருந்த பல்லெல்லாம் மறைந்துவிட்டது. "அம்மான்னா..."

"இவங்க என் மனைவி இல்லை," என்றான் அவன். "அவளோட தங்கச்சி. இறால் ஆகாதது என் மனைவிக்கு. அவ செத்துப்போயிட்டா." குழந்தையிடம் சொன்னான்: "அம்மா இறால் சாப்பிடலைடா. தலைக்குள்ள ஒரு நரம்பு வெடிச்சிடுச்சு. யாரும் எதுவும் செஞ்சிருக்க முடியாது."

செத்துப்போயிட்டா என்ற வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போன நாளில்கூட மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு பேர் இருக்கிற இடத்துல என்ன பேச்சு இது?"

"நீங்க கேட்ட வார்த்தை இதுதான் அத்தை. இவ என் மனைவி இல்லை. ஆக மாட்டா."

மாமியார் மடியிலிருந்த துணியை எடுத்து நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். "நல்லது. குழந்தை எங்ககூட வரும்."

"மாமா," என்று மாமனாரைப் பார்த்தான்.

மாமனார் டையைத் தளர்த்திக்கொண்டார். "முதல்ல உன்னை நீ பாத்துக்கப்பா. அப்புறம் பேசலாம்."

அவன் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினான். குழந்தை வரவில்லை. தங்கையின் மூக்குக்குக் கீழே வைத்த கையை அது இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் நின்றுவிடும் என்பது போல.

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க அத்தான்," என்றாள். அவன் கையை இறக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை கரை தெரிந்தது. பெட்டிகளை முன்பே வாசலில் வைத்தாகிவிட்டது. காலைச் சாப்பாட்டுக்கு அதே மேசை. கம்ப்யூட்டர் அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"வருத்தமான விஷயம் சார். எனக்குத் தெரியாமப்போச்சு. கம்பெனியில கேட்டா எனக்குப் பத்துக்குப் பத்து மார்க் போட்டுடுங்க சார், பிள்ளைக்குட்டிக்காரன்." பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணிட்டேன். பழைய குறிப்பு எல்லாத்தையும் ராத்திரியே மொத்தமா அழிச்சுட்டேன். அடுத்த தடவை குடும்பத்தோட வாங்க. தனிச் சட்டி, அது இதுன்னு எந்தக் குழப்பமும் இருக்காது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் சார்."

"நல்லது," என்றான் அவன்.

எல்லாத் தட்டுகளும் ஒரே தாம்பாளத்தில் வந்தன. எதற்கும் மூடி இல்லை. மாமியாரின் சூப் ஆறியிருந்தது. மாமனாரின் காப்பியில் சர்க்கரை இருந்தது. அவர் சத்தம் போடாமல் குடித்தார். குழந்தையின் தட்டில் பொரித்த முட்டை ரொட்டியின் மேல் கிடந்தது. மஞ்சள் உடைந்து உருளைக்கிழங்கு வரை ஓடியிருந்தது. குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

அவன் எட்டி, முள்கரண்டியால் முட்டையைத் தூக்கி ஓரமாக வைக்கப் பார்த்தான்.

மாமியார் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விடுங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன்."