சம்பந்தியிடம் பேச நாலு வார்த்தை

ரஷ்ய மொழி வாத்தியாரின் வகுப்பில் மூன்றே பெஞ்சு. மூன்றும் மூன்று தினுசு. முதல் பெஞ்சில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். நடுவில் மருந்துக்கடைப் பெண், ஏதோ சமாளிப்பாள். கடைசியில் தையற்கார அக்கா. நாலு மாதத்தில் அவள் கற்றது நாலே வார்த்தை. இந்த மூன்று பேரோடு மாரடிப்பதற்குள் வாத்தியாருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வேலைக்குப் போன இடத்தில் அக்காவின் மகன் ஒரு ரஷ்யப் பெண்ணை விரும்பிவிட்டான். பெண்ணின் அம்மாவோ, பையனின் தாய் தன்னிடம் நேராகத் தன் மொழியில் பேசினால்தான் சம்மதம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வீடியோ அழைப்பு இன்று ஐந்து மணிக்கு.

"கைவிட்றாதீங்க சார். பேசத் தெரியாம என் புள்ள கல்யாணத்த நானே கெடுத்துடக் கூடாது" என்று அக்கா வகுப்பிலேயே போனைச் சாய்த்து வைத்தாள்.

வாத்தியார் மற்ற இருவரையும், அக்கா பார்த்துப் படிக்க, தமிழ் எழுத்தில் ரஷ்யச் சீட்டு எழுதச் சொன்னார். எழுதியதை ஒருமுறை வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, மகராசன்!

திரையில் அந்த அம்மா வந்தாள். "என் பொண்ண எப்படிப் பாத்துக்குவீங்க?" என்று ரஷ்ய மொழியில் கேட்டாள்.

அக்கா அதிகாரியின் சீட்டை எடுத்துக் கணீரென்று படித்தாள். "மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று அதற்கு அர்த்தம். அந்த அம்மாவின் புருவம் ஏறியது. பதறிப்போன அக்கா அடுத்த சீட்டைப் பிடித்தாள். அது மருந்துக்கடைச் சீட்டு. "தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். காய்ச்சல் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும்."

"ஐயோ, என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று அங்கே அந்த அம்மா அலறினாள். வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். "உங்க சீட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்று இரண்டையும் கசக்கி எறிந்தாள். திரையை நோக்கி விரலை நீட்டி, "வாஷா தோச்" என்றாள். உங்கள் பெண். பிறகு நெஞ்சில் கைவைத்து, "மயா தோச்" என்றாள். என் பெண்.

அந்த அம்மா திரைக்கு அருகே வந்தாள். தன் நெஞ்சிலும் கைவைத்து, "நாஷா தோச்" என்றாள்.

நம் பெண். அந்த வார்த்தையை வாத்தியார் இன்னும் நடத்தவில்லை. அர்த்தம் சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்க சார், புரிஞ்சிடுச்சு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.