நியூட்டன் ஊசி

எங்கள் வீட்டுக்குக் காலையில் ஒரு விஞ்ஞானி வருவார், சாயங்காலம் இன்னொருவர் வருவார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள நடையில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, சட்டம் போட்ட படங்களாக வரிசையாகத் தொங்கினார்கள் அத்தனை பேரும். மாட்டியவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார்.

ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் குப்பியை எடுப்பார். ஊசியில் ஏற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழி போகச் சுண்டிவிடுவார். எங்கள் மகள் சிட்டு, சட்டை நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நிற்பாள். வாயில் சட்டையோடேயே கேட்பாள்.

"இன்னிக்கு யாரு ஊசிப்பா?"

"இன்னிக்கு ஃபாரடே ஊசி. ஏழை வீட்டுப் பையன். புத்தகம் பைண்ட் பண்ற கடையில வேலை பார்த்தவரு. மின்சாரத்தையே நம்ம வழிக்குக் கொண்டு வந்தவரு. அவ்வளவு பெரிய தலை, கடவுள் முன்னால குனிஞ்சுது. நீ இந்த ஊசிக்குக் கொஞ்சம் குனிய மாட்டியா?"

அவள் குனிந்து சிரிப்பதற்குள் ஊசி இறங்கி வெளியே வந்திருக்கும். சிட்டு ஊசிக்கு அழுது நான் பார்த்ததில்லை. மருத்துவமனையில் மற்ற பிள்ளைகள் ஊரைக் கூட்டும்போது, இவள் நர்ஸிடம், "இது யாரு ஊசி?" என்று கேட்டு விழிக்க வைப்பாள்.

போன வருஷம் இந்த வியாதி வந்தபோது எனக்குப் புரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். துரும்பாக இளைத்தாள். பக்கத்தில் படுத்தால் அவள் மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது. திருட்டுத்தனமாகப் பழம் தின்றிருக்கிறாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். மறுநாள் கண் திறக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, உடம்பே விஷமாகிக் கொண்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். இனி ஆயுசுக்கும் ஊசி, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். அந்த வாசனையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஒரு பெரியவரின் பழக்கம் ஏற்பட்டது. பிரார்த்தனைக் கூடம் நடத்துகிறவர். மெல்லப் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். சிட்டு பிழைத்து வந்ததும் இவர் அந்தக் கூடத்தோடு ஒட்டிக்கொண்டார். ஒட்டட்டும், மனசுக்கு ஆறுதல்தானே என்று நானும் இருந்தேன். ஆனால் அங்கே மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு. ஓர் அம்மாள் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை நிறுத்தியதை எல்லோரும் கொண்டாடினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அவர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பெரியவர் பார்க்கும்போதெல்லாம் இவரிடம் கேட்பார், "குழந்தைக்கு ஊசி இன்னும் நடக்குதா?" இவர் சுவரைக் காட்டுவார். "இவங்க எல்லாம் கடவுளை நம்பினவங்க. இவங்க கட்டினதுதான் அறிவியல். அதுல இருந்து வந்த ஊசியும் அவர் குடுத்ததுதான்." பெரியவர் புன்னகை செய்துவிட்டுக் கிளம்புவார்.

அந்த வாதம் சரியா, பிசகா? நான் தையல்காரி. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அது ஓடுகிற வரை ஊசி ஓடும் என்பது மட்டும் தெரியும். அதனால் தினமும் அந்தச் சட்டங்களை நானே துடைத்து வைத்தேன்.

என் அண்ணனுக்கு மருந்துக்கடை. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளை இருமல் மருந்துகளுக்குப் பக்கத்தில் இன்னமும் அடுக்கி வைத்திருக்கிறான். எதிரில் ஆள் இல்லாவிட்டால் கண்ணாடியைப் பார்த்தாவது வாதாடுவான். சாமி இல்லை என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பக்தி. சிட்டுவின் மருந்தை மாதாமாதம் அவன்தான் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைப்பான். அப்படி அவன் வந்த விடுமுறை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பெரியவரை என் வீட்டுக்காரர் அழைத்திருந்தார்.

சோறு வடித்த கையோடு, அண்ணனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு. அந்தப் படங்களைப் பத்தி பேச்சு எடுக்காத."

"ஏன், தப்பு தப்பா சொல்லிக் குடுக்கறாரே புள்ளைக்கு."

"சொல்லிட்டுப் போறாரு. உனக்கு என்ன குடி முழுகுது? அந்த ஆணியில தொங்கறது அந்தப் படங்க இல்ல அண்ணா, நம்ம சிட்டு. புரியுதா?"

"புரியுது புரியுது," என்றான். அவன் இரண்டு தடவை சொன்னால் ஒரு தடவைகூடப் புரியவில்லை என்று அர்த்தம்.

சாப்பாட்டு மேஜையில் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெரியவர் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, "அந்த ஊசி விஷயம்..." என்று மெதுவாக ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல நடையைக் காட்டி, "நியூட்டனைவிட நான் என்ன பெரிய அறிவாளியா? அவரே நம்பினார். ஐன்ஸ்டீனே கடவுளைப் பத்திப் பேசினார்," என்றார். அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்தான். மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன். அவன் காலை மட்டும் நகர்த்திக்கொண்டான்.

"மாப்பிள்ளை, ஐன்ஸ்டீன் சொன்ன கடவுள் யாரோட பிரார்த்தனையையும் கேக்கற கடவுள் இல்ல. உலகத்துல இருக்கற ஒழுங்குக்குத்தான் அந்தப் பேரை வெச்சார். மனுஷன் தலையெழுத்துல வந்து கை வைக்கிற சாமியை நம்பலன்னு அவரே சொல்லியிருக்கார்."

"சரி மச்சான். நியூட்டன்?"

"நம்பினார். யார் இல்லேன்னா? ஆனா அவரு நம்பினதை அவரோட சபைக்காரங்ககிட்டயே வெளியில சொல்ல முடியாம மூடி வெச்சார். அதே நியூட்டன்தான் மட்டமான உலோகத்தைத் தங்கமாக்கலாம்னு வருஷக்கணக்கா அடுப்பு ஊதினார். அவர் சொன்னா சரின்னா, வாங்க, நாமளும் அடுப்பு மூட்டுவோம்."

பெரியவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் முகம் சிவந்தது. "நான் அதை நிரூபணம்னு சொல்லல மச்சான். அவ்வளவு தெரிஞ்சவங்களே மண்டி போட்டிருக்காங்க, அப்ப நான் மண்டி போடறதும் முட்டாள்தனம் இல்லன்னு சொல்றேன். அவ்வளவுதான். அறிவியலும் கடவுளும் ஒரே வீட்டுல இருக்கலாம்னு காட்ட எனக்கு அவங்க வேணும்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் விட்டிருக்கலாம். மனுஷனாகப் பிறந்த எவனும் விட்டிருப்பான். என் அண்ணன் கோப்பை வாங்கினவன்.

"இருக்க முடியாது மாப்பிள்ளை. ஃபாரடே கம்பிச் சுருளைச் சுத்தினதால மின்சாரம் வந்துது, கும்பிட்டதால வரல. கெல்வின்னு ஒருத்தர், பெரிய பக்திமான், பூமிக்கு வயசு கணக்குப் போட்டு அநியாயத்துக்குக் கோட்டை விட்டார். நல்லா தைக்கிறான்னு டெய்லர்கிட்ட போய்ப் பல்லைக் காட்டுவீங்களா? சோதனைக்கூடத்துக்குள்ள நுழையும்போது அவங்க கடவுளை வெளியில விட்டுட்டுத்தான் நுழைஞ்சாங்க. ரெண்டுல ஏதாவது ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டறது உங்களையே ஏமாத்திக்கறது."

"அண்ணா, போதும்," என்றேன். கத்தியிருக்க வேண்டும்.

சிட்டு அப்பா முகத்தையும் மாமா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுற்றி வந்து, என் அண்ணனின் தோளில் கை வைத்தார்.

"தம்பி சொல்றதுதான் சரி," என்றார். "இத்தனை நாளா நான் சொல்லத் தெரியாம தவிச்சதை அழகா சொல்லிட்டார். அவங்க வழி வேற, நம்ம வழி வேற. நமக்கு எதுக்கு அவங்க சாட்சி?"

அண்ணன் பூரித்துப்போனான். அவன் ஆயுளில் ஒரு பக்தர் அவன் பக்கம் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. போகும்போது வாசலில் என் காதருகே, "பார்த்தியா, பெரியவரே ஒத்துக்கிட்டார்," என்றான். அறையலாம் போல இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தட்டில் ஆறிப்போன சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெரியவர் அவர் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தார்.

எனக்கு மறுநாள் காலைக்குள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். முன்னறைதான் என் தையல் கடை. வாடிக்கைக்காரர்கள் அதன் ஷட்டர் வழியாக வருவார்கள், வீட்டு வாசல் தனி. சாயங்காலம் ஊசி வேளைக்கு மெஷினை நிறுத்திவிட்டு, "ஏங்க, ஊசி?" என்று குரல் கொடுத்தேன். "நான் பார்த்துக்கறேன், நீ வேலையைப் பாரு," என்று பதில் வந்தது. எப்போதும் அவர்தான் போடுவார். நான் மறுபடி மெஷினை மிதித்தேன்.

காலையில் நடைக்குப் போனால் சுவர் வெறிச்சென்று இருந்தது. சட்டம் இருந்த இடமெல்லாம் வெளுத்த கட்டங்கள், அவற்றுக்கு மேலே ஆணிகள்.

"படமெல்லாம் எங்கங்க?"

"கழட்டிட்டேன். மச்சான் சொன்னது உண்மைதானே," என்றார். குரலில் கோபமே இல்லை. தூங்கி எழுந்தவர் மாதிரி முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆனால் சீருடை வாங்க ஆள் வந்து ஷட்டரைத் தட்டினான், போய்விட்டேன்.

மதியம் சிட்டு கடைக்குள் வந்து துணி மூட்டைமேல் சாய்ந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் விளையாடிக் களைத்திருப்பாள் என்று நினைத்தேன். "அம்மா, தண்ணி," என்றாள். கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னும்," என்றாள். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"சிட்டு, காலையில யாரு ஊசிடி?"

"யாரும் இல்ல."

"நேத்து சாயங்காலம்?"

"அப்பவும் யாரும் இல்லம்மா. அப்பா இனிமே யாரும் வேணாம்னாரு. ஊசியே வேணாமாம்," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு வயிறு வலிக்குது."

குனிந்து அவள் வாயருகே மூக்கை வைத்தேன். அந்தப் பழ வாசனை.

ஃப்ரிட்ஜுக்கு ஓடினேன். மருந்து வைக்கிற தட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, கீழே விரிப்பு போட்டிருந்தார்கள். வாசல் கதவுக்கு உட்புறம் செருப்புகள் வரிசையாக நின்றன. பிரார்த்தனைக் கூடத்து ஆட்கள் சத்தமே இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் என் வீட்டுக்காரர் மண்டியிட்டிருந்தார், பக்கத்தில் பெரியவர். வீட்டு வாசல் கதவு உட்பக்கமாகப் பூட்டியிருந்தது.

"மருந்து எங்கே?"

"இனிமே தேவைப்படாது," என்றார் என் வீட்டுக்காரர். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவளை அவர் உயிராக நேசிக்கிறார், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "ரெண்டுல ஒண்ணுதான்னு உங்க அண்ணனே சொன்னாரே. நான் ஒண்ணை எடுத்துக்கிட்டேன். குழந்தையைக் கூட்டிட்டு வா, நடுவுல உட்கார வைப்போம்."

"கூட்டிட்டு வரேன்," என்றேன்.

கடைக்குள் போய் உள்கதவைத் தாழிட்டேன். சிட்டுவை ஒரு சீருடைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன். பின்னால் கதவைத் தட்டினார்கள். மெதுவாகத்தான் தட்டினார்கள். அவசரமே படாத அந்தச் சத்தம் தெருமுனை வரை என் காதில் இருந்தது.

மருந்துக்கடையில் அண்ணன் யாருக்கோ நேற்றைய வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். அவன் மூக்குக்கு நேராகச் சிட்டுவின் முகத்தைத் திருப்பினேன். மருந்துக்கடைக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மருத்துவமனையில் பொழுது இன்னும் சாயவில்லை. சிட்டு கண்ணை மூடிக்கொண்டு, நீளநீளமாக, வேகமாக மூச்சு விடுகிறாள். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். நர்ஸ் அவள் கையைப் பிடித்து நரம்பைத் தேடியபோது, உதடு மட்டும் அசைந்தது.

"யாரு ஊசி?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கட்டிலோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்தான்.

"நியூட்டன் ஊசிடா செல்லம்," என்றான். "பெரிய விஞ்ஞானி. அவ்வளவு பெரிய தலை... கடவுளை நம்பினவரு."

சிட்டு கண்ணைத் திறக்கவில்லை. "அவரை அப்பா கழட்டிட்டாரே மாமா," என்றாள். கையை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஊசிக்கு அவள் அழுது இன்றுதான் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் பெரியவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கை கூப்பி, பொறுமையாக, நாங்கள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்கள்.